எலிக் கூண்டில் போட்ட திருநீறு

விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு முனை மெலிந்து கூர்மையாக இருக்கும். மறுமுனையில் சிவப்பு ரப்பர்க் குமிழ். அதைப் பிடித்தது என்னுடைய கைதான். ஆனாலும் அதை நினைக்கும்போதெல்லாம் என் முன்னால் வந்து நிற்பவர் எங்கள் மதாம். "அழுத்தாதீங்க. குமிழைத் தொட்டாப் போதும். எலிக்குத் தொண்டை சின்னது, நமக்குத்தான் அவசரம் பெரிசு" என்று முதல் நாளே சொன்னார். பக்கத்தில் நின்று என் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிடித்திருந்த வெள்ளெலியின் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. மருந்து ஒரு துளி உள்ளே போனதும் அது மீசையைத் துடைத்துக்கொண்டது. "சரி, அடுத்தது" என்றார்.

மொரீஷியஸுக்குச் சுதந்திரம் வர இன்னும் சில வருஷங்கள் இருந்த காலம் அது. பெரிய சூறாவளியில் கூரை போன வீடுகளுக்கெல்லாம் திரும்பத் தகரம் அடித்து முடித்திருந்தோம். போர்ட் லூயியில், மருந்துகளையும் உணவுப் பண்டங்களையும் சோதித்துப் பார்க்கும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பணியாள் வேலை. குப்பி கழுவுவது, தரை துடைப்பது, பின்கட்டில் இருந்த எலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்வது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. பிரெஞ்சை விரல் வைத்துப் படிப்பேன். தமிழ், கோயிலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த வகுப்பில் கற்றது. வீட்டில் பாதிப் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவு மொழியான கிரியோல்தான். மதாம் என்னிடம் பேசியதும் கிரியோலில்தான். இத்தனை வருஷம் மனசுக்குள் கேட்டுக் கேட்டு அவர் குரல் எனக்குத் தமிழாகிவிட்டது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

மதாம் என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிட்ட அந்த அம்மா அங்கே இரண்டாவது வேதியியலாளர். கலப்பு வம்சத்துக் கிரியோல் குடும்பம், கத்தோலிக்கர். கழுத்தில் சின்னச் சிலுவை. போ பசான் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடை. வெளிநாட்டில் படித்தவர். மற்ற அதிகாரிகள் என்னை ஒருமையில் கூப்பிடுவார்கள். அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இன்னொன்றும் அவரிடம் கண்டேன். படித்தவர்கள் எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். இவர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். "பா கொனே" என்பார். எங்கள் தீவில் தெரியாது என்பதற்கு அதுதான் சொல். கூச்சமே இல்லாமல், மணி என்ன என்று சொல்வதுபோல் சொல்வார்.

அந்த வருஷம் எங்களிடம் சோதனைக்கு வந்தது ஒரு குழந்தை மருந்து. கைக்குழந்தை ஓயாமல் அழுதால், வயிறு உப்பினால், உடம்பில் தடிப்பு கண்டால் எங்கள் ஊரில் எந்த மதத்துக்காரர் வீடானாலும் "தம்பாவ்" என்பார்கள். அதற்குப் பச்சிலைக் கஷாயம் கொடுப்பது வழக்கம். முன்பெல்லாம் வீட்டுப் பெண்கள் தாங்களே இலை பறித்துக் காய்ச்சினார்கள். பிறகு ஒரு வியாபாரி அதைச் சர்க்கரைப் பாகு சேர்த்துப் போத்தலில் அடைத்து, சிரிக்கும் குழந்தைப் படம் ஒட்டி விற்க ஆரம்பித்தார். நம்மவர்தான். காவடித் திருவிழாவில் எங்கள் கோயிலுக்கு அன்னதானம் செய்கிறவர். எல்லோரும் அவரை முதலாளி ஐயா என்பார்கள். போர்ட் லூயியில் நாங்கள் குடியிருந்த டிராங்கெபார் பேட்டையில் அந்தப் போத்தல் இல்லாத பிள்ளைக்காரி வீடு இல்லை. தெற்கே ஒரு மருத்துவர், அதைக் குடித்த மூன்று குழந்தைகளுக்கு வயிறு வீங்கிவிட்டதென்று கடிதம் எழுதி, இரண்டு போத்தல்களையும் அனுப்பியிருந்தார். "இது கேள்விதான், குற்றச்சாட்டு இல்ல. எலியைக் கேட்போம்" என்றார் மதாம்.

சோதனை காவடி விரத நாட்களில் வந்து விழுந்தது. இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனபிறகு, எங்களுக்கு ஒரு மகள் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளுக்காகக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தேன். மதாமுக்கு அது தெரியும். முந்தின வாரமே கூப்பிட்டு, "உங்களுக்குப் பத்து நாள் விரதம் வருதே. எலி வேலைக்கு வேற ஆளைப் போடட்டுமா? கஷ்டம்னா இப்பவே சொல்லுங்க" என்றார். "விரதம் வேற, வேலை வேற மதாம்" என்றேன். நம்பி ஒப்படைத்த வேலையை வேறொருவன் செய்வதா என்ற பெருமை. அவர் கதவைத் திறந்து வைத்துத்தான் கேட்டார். நானே இழுத்துச் சாத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கோயிலில் கொடி ஏறியது. புதன்கிழமை சோதனை தொடங்கியது. பன்னிரண்டு எலிகள்; ஆறுக்கு மருந்து, ஆறுக்கு வெறும் தண்ணீர். காலையும் மாலையும் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று ஏட்டில் எழுத வேண்டும். ஏழு நாள் கணக்கு. அன்று மாலை, மருந்து கொடுத்த எலிகளில் ஒன்று மூலையில் போய் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மயிர் சிலிர்த்திருந்தது. தொட்டால் நகரவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற நாளாக இருந்தால் ஏட்டில் எழுதிவிட்டுப் போயிருப்பேன். அன்று நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் கொடியேற்றத்தன்று வாங்கிய பொட்டலம், வாயில் முருகன் பேர். எலி பிள்ளையாருடைய வாகனம் அல்லவா? அண்ணன் வாகனத்தின் வாயில் நஞ்சாக இருக்கக்கூடியதை ஊற்றிவிட்டு, தம்பி சந்நிதியில் போய் எந்த வாயால் அரோகரா சொல்வது? வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கோயில் திருநீற்றைத் தண்ணீரில் கலந்து கொடுப்பது எங்கள் பழக்கம். பொட்டலத்தைப் பிரித்து, அந்த ஆறு எலிகளின் குடிதண்ணீரிலும் ஒவ்வொரு சிட்டிகை போட்டேன். முருகா, இந்த வாயில்லாச் சீவன்களைப் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். ஏட்டில் "நலம்" என்று எழுதினேன். மறுநாள் காலை போனபோது கூனி உட்கார்ந்திருந்த எலி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றுமுதல் தினமும் போட்டேன்.

நான் செய்தது பாவம் என்று அப்போது ஒரு துளிகூடத் தோன்றவில்லை. புண்ணியம் என்றே நினைத்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சோதனை முடிந்தது. பன்னிரண்டும் உயிரோடு இருந்தன. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரம் வந்து நின்றார். எங்கள் மகளைவிட ஒரு மாதம் மூத்தவன் அவர் பையன். மருந்தைப் பற்றி யாரோ ஏதோ சொன்னதைக் கேட்டு, வாங்கிய போத்தலைத் திறக்காமலே வைத்திருந்தார். "தம்பி, உங்க ஆபீஸ்ல அதைச் சோதிச்சாங்களாமே, என்ன ஆச்சு?" என்றார். ஆய்வுக்கூடத்து விஷயத்தை வெளியில் பேசக் கூடாது. ஆனால் அக்கா கேட்ட தோரணையில் நானே பெரிய டாக்டர் ஆகிவிட்டேன். "பயப்படாதீங்க அக்கா. பன்னிரண்டு எலியும் ஓடி விளையாடுது" என்றேன். "அப்போ எம்பையனும் ஓடி விளையாடுவான்" என்று சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் என் மனைவியும் ஒரு போத்தல் வாங்கிவந்தாள்.

வியாழக்கிழமை காவடி எடுத்தேன். வெள்ளிக்கிழமை வேலைக்குத் திரும்பியபோது மதாம் சன்னல் ஓரம் நின்று எலிகளின் தண்ணீர்க் குப்பி ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். நான் இல்லாத நாளில் அவரே கூண்டுகளைப் பார்த்திருக்கிறார். குப்பியின் அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல். "இது என்ன? மருந்து குடிச்ச ஆறுல மட்டும் இருக்கே" என்றார். "கூண்டுத் தூசி மதாம்" என்றேன். அவர் குப்பியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் நெற்றி நிறையத் திருநீறு இருந்தது. "தண்ணியில வேற ஒண்ணும் சேர்க்கலையே?" "இல்ல மதாம்." "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இருந்த நம்பிக்கை, அடி வாங்கியதுபோல் எனக்கு வலித்தது. அன்று மாலைக்குள் அறிக்கை தட்டச்சாகி உறைக்குள் போனது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தபால் பையை எடுக்க ஆள் வருவான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி மகளை மடியில் போட்டுக்கொண்டு கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "மருந்து நல்லாக் கேக்குதுங்க. ரெண்டு நாளா அழுகையே இல்ல. பால்கூடக் கேக்காம தூங்கிட்டே இருக்கா" என்றாள் சந்தோஷமாக. குனிந்து பார்த்தேன். குழந்தை முதுகைக் கூனிக்கொண்டு, கைகால்களை உள்ளே இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள். சோதனையின் முதல் நாள் மாலை அந்த எலி உட்கார்ந்திருந்த மாதிரியே. போத்தலை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடி மண்ணில் கவிழ்த்தேன்.

"நீங்கதானே நல்லதுன்னு சொன்னீங்க?" என்று பின்னாலேயே வந்தாள். சொன்னேன். திருநீறு போட்டதையும், மதாமிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அப்போ அக்கா வீட்டுக்கு இப்பவே சொல்லணுமே" என்றாள். "திங்கட்கிழமை மதாம்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லலாம். இன்னும் நிச்சயமாத் தெரியல. இப்பச் சொன்னா ஏன் எப்படின்னு ஊரே கேக்கும். முதலாளி ஐயா காதுக்குப் போகும். வேலையும் போயிடும்." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வேலை" என்று அந்தச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னாள்.

நிச்சயமாகத் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் தெரியாமலே என் வீட்டுப் போத்தலைக் கொட்டினேனே. அடுத்த வீட்டுப் போத்தலுக்கு மட்டும் நிச்சயம் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக் குழாயடியில் அக்கா பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "பாருங்க தம்பி, எப்படித் தூங்குறான்! முன்னெல்லாம் கத்துற கத்துல தெருவே எழுந்திரிச்சிரும். முதலாளி ஐயா கைராசி" என்றார். அவன் முகம் அக்காவின் கழுத்தில் புதைந்திருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு இடித்தது. வாளி நிரம்பி வழிந்தது. நான் சிரித்தேன். "ஆமா அக்கா" என்றேன். அன்று கோயிலுக்குப் போனேன், சந்நிதியில் கைகூப்பினேன், கண்ணை மூட முடியவில்லை.

திங்கட்கிழமை காலை வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் அலறல் கேட்டது. பையன் வாந்தி எடுத்திருந்தான். வயிறு உப்பிக் கிடந்தது. அக்கா தலைகூட வாராமல் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸுக்கு ஓடினார். நான் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. மதாம் அப்போதுதான் குடையை மடித்துக்கொண்டிருந்தார். தபால் பை வாசல் மேசைமேல் இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எந்த மொழியில் சொன்னேன் என்றுகூட நினைவில்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கேள்விதான் கேட்டார். "எத்தனை நாள் போட்டீங்க?" "ஏழு நாளும் மதாம்." "முதல் நாள் அந்த எலி எப்படி இருந்துச்சு?" சொன்னேன். "ஏட்டில நலம்னு இருக்கு." "ஆமா மதாம்." "வெள்ளிக்கிழமை நான் கேட்டேன்." "ஆமா மதாம்." "தப்பு நடந்திருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?" "சனிக்கிழமை." அவர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "இன்னைக்குத் திங்கள்" என்றார். அவ்வளவுதான். பையைத் திறந்து அறிக்கை உறையை எடுத்தார். எனக்கு முன்னாலேயே அதை இரண்டாகக் கிழித்தார். பிறகு நின்றுகொண்டே ஒரு சீட்டு எழுதினார். குழந்தை குடித்த மருந்து சந்தேகத்துக்குரியது, எங்கள் சோதனை செல்லாது என்று அதில் இருந்தது. "குழந்தை வார்டு டாக்டர் கையில குடுங்க. மேசையில வைக்காதீங்க, கையில குடுங்க" என்றார்.

கொடுத்தேன். சீட்டைப் படித்ததும் டாக்டர் செவிலியரைக் கூப்பிட்டார். பையனை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்க தெய்வம் மாதிரி வந்தீங்க" என்று அழுதார். நான் அன்றைக்கும் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் மதாம் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்து, செய்ததை எழுதச் சொன்னார். பிரெஞ்சு அவ்வளவு வராது என்றேன். "தமிழில எழுதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. அதுவும் நல்லதுதான், நான் திருத்த மாட்டேன்." எழுதினேன். கோயில் வகுப்பில் கற்ற தமிழில் அதுவரை நான் எழுதியதெல்லாம் சாமி பேரும் கல்யாணப் பத்திரிகையும்தான். அந்தக் காகிதத்தை அவர் ஏட்டிலேயே ஒட்டி, கீழே தன் கையெழுத்தில் சோதனை செல்லாது என்று எழுதினார். தலைமை அதிகாரி என்னை அன்றே வேலையைவிட்டு அனுப்பவேண்டும் என்றார். கதவு சாத்தவில்லை, எனக்குக் கேட்டது. "கூண்டை நான் பூட்டியிருக்கணும். வண்டலைப் பார்த்துட்டு, ஒரு வார்த்தை கேட்டுட்டு விட்டுட்டேன். அந்தக் குப்பியைச் சோதிச்சிருக்கணும். ரெண்டு பேரையும் அனுப்புங்க, இல்ல ரெண்டு பேரையும் வைங்க" என்றார் மதாம். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. இதனால்தானா என்று கேட்டேன். "பா கொனே" என்றார்.

இரண்டாவது சோதனை முடியும்வரை கடைகளில் விற்பனையை நிறுத்திவைக்க மதாம் இன்ஸ்பெக்டரோடு தெருத்தெருவாக நடந்தார். முதலாளி ஐயா ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று, "பன்னிரண்டு எலி பிழைச்சிருக்கு, ஏட்டிலயே இருக்கு! ஒரு வேலைக்காரன் விரதப் பைத்தியத்துல உளறினான்னு என் பேரைக் கெடுக்கிறதா?" என்று கூச்சல் போட்டார். கோயிலில் சிலர் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருநீற்றையே காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

புதிய எலிகளுக்கு மருந்தை மதாமே கொடுப்பார் என்று நினைத்தேன். "இல்ல, உங்க கையாலதான்" என்றார். "உங்க கையை நான் நம்பணும். அதுக்கு முன்னாடி நீங்க நம்பணும்." தினமும் சட்டைப் பையைக் காலி செய்துவிட்டுக் கூண்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் இரண்டு எலிகள் செத்தன. ஐந்தாம் நாளுக்குள் இன்னும் மூன்று. ஒவ்வொன்றையும் நானே எடுத்தேன், எழுதினேன். "செத்தது" என்று எழுதும்போது மதாம் பக்கத்தில் நின்று, எழுதி முடிக்கும்வரை போகவில்லை. மருந்து கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. இலை பறித்துக் கொடுத்தவர்கள் ஏதோ வேறு செடியைக் கலந்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. முதலாளி ஐயாவும் அதே மருந்தைத்தான் தன் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவந்தாராம். அதைக் கேட்டபிறகு அவர்மேல் எனக்குக் கோபம் நிற்கவில்லை. அவருக்கும் நிச்சயம்தான் இருந்தது, எனக்கு இருந்த மாதிரி.

ஒரு கேள்வி மட்டும் எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் குப்பி கழுவும்போது கேட்டுவிட்டேன். "அப்போ முதல் தடவை எலிகளைக் காப்பாத்தினது திருநீறுதானா மதாம்?" அவர் சிரிக்கவில்லை. "பா கொனே. சாம்பல் சில விஷத்தைப் பிடிச்சுக்கும். இல்ல, அந்தப் போத்தல்ல விஷம் குறைச்சலா இருந்திருக்கலாம். இல்ல, நீங்க சொல்ற மாதிரியும் இருக்கலாம். தெரியணும்னா இன்னும் பன்னிரண்டு எலி வேணும். சோதிக்கட்டுமா?" நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். "நல்லது. எலி பிழைச்சிட்டா, அடுத்த மாசமே உங்க முதலாளி சாம்பலைப் போத்தல்ல போட்டு, மேல குழந்தைப் படம் ஒட்டிடுவாரு" என்றார். அந்த இரண்டு வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "எனக்கு எழுதிக் குடுத்துட்டீங்க. அந்தப் பையனோட அம்மாவுக்கு யார் சொல்றது?" என்றார். "சொல்றேன் மதாம்" என்றேன்.

என் மகள் தேறிவிட்டாள். அக்காவின் பையனும் பிழைத்தான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கை கால் குச்சியாய் இருந்தான், நடக்க வெகுநாள் ஆனது. கோயிலில் சிலர் சொன்னதை முதலாளி ஐயாவின் ஆட்கள் கட்டிய கதை என்று தள்ளிவிட்டு, அக்கா தெருவெல்லாம் என்னைப் பற்றித்தான் பெருமையாகப் பேசினார். காவடி போகும் வழியில், தார் ரோட்டில் வெறுங்காலோடு வருகிறவர்களின் பாதத்தில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அக்கா எல்லோருக்கும் ஒரு செம்பு ஊற்றுவார். எனக்கு மட்டும் குடம் குடமாக ஊற்றி, குனிந்து தொட்டு வணங்குவார். "எம்பிள்ளையைக் குடுத்த கால்" என்பார். நாக்கில் வேல் குத்தியிருப்பதால் அப்போது என்னால் பேச முடியாது. பேசாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று உள்ளுக்குள் நிம்மதிப்பட்டதும் உண்டு. அந்தத் தண்ணீர் என் காலைக் குளிர்வித்ததே இல்லை. என் மனைவி கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சுதந்திரம் வருகிற சமயத்தில், நாடு என்ன ஆகுமோ என்று பயந்து பல கிரியோல் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறின. மதாமின் தங்கை குடும்பமும் கிளம்பியது. அவருக்குப் போக மனமில்லை, ஆனாலும் போனார். கடைசி நாள் என்னைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். கையை விடாமலே கேட்டார்: "சொல்லிட்டீங்களா?" எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. ஆமாம் என்ற சொல் தொண்டைவரை வந்தது. அந்தக் கண்ணுக்கு நேரே ஒருமுறை பொய் சொல்லியிருக்கிறேன். "இல்ல மதாம்" என்றேன். "வெள்ளிக்கிழமை கப்பல்" என்றார். "சொல்லிட்டு வந்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

வெள்ளிக்கிழமைக்குள் என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். அப்போதும் இரண்டு நாள் தாமதம்தான்.

அக்கா பையனுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். அவனை விளையாட அனுப்பிவிட்டு உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். திருநீற்றைச் சொன்னபோது அக்கா முகம் மாறவில்லை. யாரானாலும் அதைச் செய்வார்கள் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க பாப்பாவுக்கு எப்ப நிறுத்துனீங்க தம்பி?" "சனிக்கிழமை அக்கா." அவர் சீப்பில் இருந்த முடியை மெதுவாக எடுத்துச் சுருட்டினார். "நான் ஞாயித்துக்கிழமையும் குடுத்தேன். ரெண்டு வேளை. குழாயடியில உங்ககிட்டக் காட்டுனேன்." "ஆமா அக்கா." "நீங்க சிரிச்சீங்க." அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. அவரும் இருக்கச் சொல்லவில்லை. அதன்பிறகு பல மாதம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எங்களுக்குப் பேச்சு வரவில்லை. என் மனைவி ஒருநாள் சோறு போடும்போது, "இப்பத்தான் எனக்குத் தூக்கம் வருது" என்று மட்டும் சொன்னாள்.

இப்போதெல்லாம் மருந்துக் கடையில் எதை வாங்கினாலும் அட்டையில் ஆயிரம் எழுதியிருக்கிறது. என் மகள் தன் பிள்ளைகளுக்கு வாங்குவதை என்னிடம் காட்டுவாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பேன். யார் சோதித்தார்களோ, கூண்டுக்குப் பின்னால் எந்தப் பணியாள் நின்றானோ, அவன் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொன்னானோ என்று நினைத்துக்கொள்வேன். அது அட்டையில் இருக்காது. மதாமுக்கு ஒரு வார்த்தை எழுத எனக்கு முகவரி கிடைக்கவே இல்லை.

எழுத முடிந்திருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன். அடுத்த தைப்பூசத்தில் காவடியோடு எங்கள் தெருவுக்குள் வந்தேன். அக்கா வாசலில் குடத்தோடு நின்றார். எனக்கு முன்னால் போனவருக்கு ஒரு செம்பு ஊற்றினார். நான் வந்து நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனியவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. செம்பைக் குடத்தில் முக்கி எடுத்து, எல்லோருக்கும் ஊற்றிய அதே ஒரு செம்புத் தண்ணீரை என் காலிலும் ஊற்றிவிட்டு, எனக்குப் பின்னால் வந்தவரிடம் திரும்பினார். அந்தத் தண்ணீர் குளிர்ந்திருந்தது.